கடலில்லாத ஊருக்குப் போன மாநாடு

கடல்புல்லைப் பற்றிய மாநாடு கடலே இல்லாத வியன்னாவில் நடக்கப்போகிறது என்ற செய்தியை என்னிடம் சொன்னவள் என் தோழிதான். கல்லூரியில் எங்கள் விலங்கியல் துறை அறையில் என் மேசைக்கு எதிர் மேசை அவளுடையது. காலையில் முதல் வகுப்புக்கு மணி அடிப்பதற்கு முன்னால் வந்தவள், தோளில் கிடந்த பையைக்கூட இறக்கவில்லை.

"போச்சுடி. ஒரே ஓட்டுல போச்சு. வியன்னாவாம்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எழுந்துபோய் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, என் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தேன். "நீ என்ன பண்ணுவ, ஒன்னால ஆனத நீ செஞ்ச. விடு" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் கை கூசுகிறது.

நாங்கள் இருவரும் கீரனூர்க்காரிகள். முதுகலை படிக்கத் திருச்சிக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். முன்னால் ஏறுகிறவள் மற்றவளுக்கு இடம் போட்டு வைப்பாள். பிறகு புதுக்கோட்டையில் ஒரே கல்லூரியில் வேலை, ஒரே ஆராய்ச்சி. கட்டுமாவடி என்ற மீனவ ஊருக்கு எதிரே கடலடியில் புல் வெளியாகப் பரந்து கிடக்கிறது. நண்டும் இறாலும் அதில்தான் குஞ்சாக வளர்கின்றன. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசு மேய்வதும் அந்தப் புல்லைத்தான். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை படகில் போனபோது தெளிந்த தண்ணீருக்கடியில் அந்தப் பச்சையைப் பார்த்தோம். அதோடு எங்கள் இருவரின் சனிக்கிழமைகளும் அந்தக் கடற்கரைக்கென்று ஆகிப்போயின.

வேலையை நாங்கள் பிரித்துக்கொண்டது யாரும் சொல்லி அல்ல. எனக்குத் தண்ணீரில் இறங்கப் பிடிக்கும், ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசப் பிடிக்கும். அவளுக்கு எழுத வரும், மேடையில் பேச வரும், ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. கட்டுரைகளில் இருவர் பெயரும் சேர்ந்தே வரும். பல நாடுகளில் கடல்புல்லை ஆராய்கிறவர்கள் சேர்ந்த ஒரு சிறிய சங்கம் உண்டு. அதில் உறுப்பினரானோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள் ஏதாவது ஓர் ஊரில் கூடுவார்கள். எந்த ஊரில் கூடுவது என்று முடிவு செய்யும் குழுவுக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். செய்தி வந்த அன்று துறையில் எல்லோருக்கும் நான்தான் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

மாநாட்டை நம் ஊரில் நடத்தலாம் என்ற யோசனை அவளுடையது. அதை முதலில் சொன்னதும் என்னிடம் அல்ல. கட்டுமாவடி மீன் ஏலக்கூடத்தில், வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆட்களும் கூடைக்காரப் பெண்களும் சுற்றி நிற்க, "ஒலகத்துல இந்தப் புல்லப் பத்திப் படிச்சவங்க எல்லாரையும் இங்கிட்டுக் கூட்டிட்டு வாரோம். ஒங்க படகுலயே போய்ப் பாக்கட்டும்" என்றாள். நாட்டுப்படகுச் சங்கத்துத் தலைவர், எங்களை ஆரம்பத்திலிருந்து கடலுக்குக் கூட்டிப்போனவர், சற்று நேரம் அவளையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நெசமா டீச்சர்?" என்றார்.

"நெசந்தாண்ணே. அவ சொன்னா செய்வா" என்றேன்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் என் வேலை எல்லாம் அதுதான். கூட்டம் நடத்தக் கல்லூரி அரங்கு கிடைக்குமா என்று முதல்வரிடம் நடந்தேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று காட்ட, நானே காரில் உட்கார்ந்து நேரம் பார்த்தேன். விருந்தினர் தங்க லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கிக் குளியலறைக் குழாய்களைத் திறந்து பார்த்தேன். அறந்தாங்கி சாலையில் எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் வேன் திரும்பாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். "மாப்பிள்ள வீட்டுக்காரங்க வரப்போற மாதிரில்ல அலையிற" என்று என் கணவர் சிரித்தார்.

கட்டுமாவடியிலும் அப்படித்தான் அலைந்தார்கள். தலைவர் தன் படகுக்குப் புதிதாக வண்ணம் அடித்தார். மற்றவர்களையும் அடிக்கச் சொன்னார். பெண்கள் கூடிப்பேசி, காரம் குறைத்து மீன் குழம்பு வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அதை ருசி பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். காரமே இல்லாத அந்தக் குழம்பை ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

குழுவிலிருந்து ஒரு பேராசிரியை இடத்தைப் பார்க்க வந்தார். ஐரோப்பாவின் வடக்கே ஒரு நாட்டைச் சேர்ந்தவர், தலை முழுக்க நரை, அதிகம் பேசமாட்டார். படகில் போகும்போது காலணியைக் கழற்றிவிட்டுக் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். தலைவர் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். வலை பற்றி அவர் கேட்டதை என் தோழி தமிழில் சொல்ல, தலைவர் சொன்னதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல, மத்தியானம் போனதே தெரியவில்லை. புறப்படும்போது என் கையைப் பிடித்து, "இந்தப் புல்லை இத்தனை பக்கத்தில் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது" என்றார். மாநாடு எங்களுக்குத்தான் என்று அன்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

கடைசியில் போட்டியில் நின்றவை வியன்னாவும் புதுக்கோட்டையும். ஐரோப்பிய நாட்டின் தலைநகரம் ஒரு பக்கம், நம் ஊர் ஒரு பக்கம். வியன்னாவுக்கு எல்லா நாட்டிலிருந்தும் விமானம் உண்டு, நகரத்துக்குள் டிராமும் ரயிலும் ஓடுகின்றன, நல்ல அரங்கு உண்டு. கடல் மட்டும் இல்லை. அந்த ஒன்றே போதும், நாம் ஜெயித்துவிடுவோம் என்றுதான் அவளும் சொன்னாள். குழுக் கூட்டம் கணினி வழியாக ஒரு மாலையில் நடந்தது. அவள் வீட்டிலிருந்து பேசினாள். மறுநாள் காலையில்தான் அந்த "போச்சுடி."

கட்டுமாவடிக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. "எனக்கு அவங்க மொகத்தப் பாக்கத் தெம்பு இல்லடி, நீ போய்ட்டு வந்துரு" என்றாள். தனியாகப் போனேன்.

ஏலக்கூடத்தில் அன்று கூட்டம் இல்லை. தலைவரும் அவர் மனைவியும் வேறு சிலரும் இருந்தார்கள். வேறு ஊர் முடிவாகிவிட்டது என்று சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார் தலைவர்.

"வியன்னாண்ணே. ஆஸ்திரியாவுல இருக்கு."

"அங்க எந்தக் கடலு?"

"கடல் இல்லண்ணே. ஆறுதான் ஓடுது."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் மனைவிதான், கூடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தள்ளி வைத்தபடி, "இங்கன மீன் நாத்தம் அடிக்குதுன்னு நெனச்சுட்டாங்களோ?" என்றார்.

"சேச்சே, அப்படியெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்கக்கா" என்றேன். "ஒரு ஓட்டுதான் கொறஞ்சிருக்கு."

டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். பஸ் ஏற்றிவிடத் தலைவர் கூட வந்தார். வண்ணம் அடித்த படகுகளைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தோம்.

எங்கள் கட்டுரையை மாநாட்டில் வாசிக்க ஏற்றுக்கொண்டார்கள். இருவருக்கும் அழைப்பு வந்தது. நான் போவதாக இல்லை. அவள்தான் விடவில்லை. சென்னைக்குக் கூட்டிப்போய் விசாவுக்கு விரல்ரேகை கொடுக்க வைத்தாள். குளிருக்கு ஒரே கடையில் ஒரே மாதிரி ஸ்வெட்டர் எடுத்தாள். அவளுக்கு மெரூன், எனக்கு நீலம். விமானத்தில் ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தாள். பஸ்ஸில் இடம் போட்டு வைத்தவள் இன்னும் மாறவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வியன்னா அழகான ஊர் என்பதை மறுக்க மாட்டேன். தெருவில் நின்றால் டிராம் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறது. அரங்கு எங்கள் கல்லூரி அரங்கைப் போல நாலு மடங்கு. இரண்டாம் நாள் எல்லோரையும் ஒரு மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணாடித் தொட்டியில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு கைப்பிடிக் கடல்புல் அசைந்துகொண்டிருந்தது. எல்லோரும் முறை வைத்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவளும் எடுத்துக்கொண்டாள். என்னையும் இழுத்து நிறுத்தினாள்.

அன்று பிற்பகல் தேநீர் இடைவேளையில் அந்த நரைத்த பேராசிரியை என்னைத் தேடி வந்தார். கட்டுமாவடிப் படகையும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதையும் மறக்கவில்லை. தலைவரின் நலம் விசாரித்தார். பிறகு, ஏதோ ஆறுதல் சொல்வதைப் போல, "இப்போது உங்களுக்கு நிம்மதியாக இருக்குமே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எதற்கு நிம்மதி என்று கேட்டேன்.

"மாநாட்டை நடத்தும் பாரம் உங்கள் தலைமேல் விழவில்லையே என்று. உங்களுக்கே அதில் விருப்பமில்லை, ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டதால் பின்வாங்க வெட்கப்படுகிறீர்கள் என்று உங்கள் தோழி விளக்கினார். நான் உங்கள் ஊருக்காகத்தான் பேச இருந்தேன். நீங்களே விரும்பாதபோது எப்படி வற்புறுத்துவது? கடைசியில் எல்லோருமே வியன்னா என்று சொல்லிவிட்டோம்."

ஒரு ஓட்டு அல்ல. எல்லோரும்.

கையிலிருந்த கோப்பையைப் பக்கத்து மேசையில் வைத்தேன். அவர் மெதுவாக, நல்ல மனதோடு, தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார். கழிப்பறை வசதி போதாது, மீனவர்கள் சொன்ன சொல்லில் நிற்க மாட்டார்கள், கரையில் மீன் வாடை அதிகம், விருந்தினர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் அவள் அக்கறையோடு எடுத்துச் சொன்னாளாம். சொந்த ஊரைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசுவதற்கு மனோதிடம் வேண்டும் என்று குழுவே அவளைப் பாராட்டியதாம். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மாளிடம் என்ன சொல்வது? எனக்கு விருப்பம் இருந்தது என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? வாடை என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றது. அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள் என்று அந்த அக்காவிடம் அடித்துச் சொல்லிவிட்டு வந்தவள் நான்.

அடுத்த அமர்வுக்கு நான் உள்ளே போகவில்லை. வெளியே கால்வாய்க் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் காணோமென்று அவள் தேடி வந்தாள்.

"என்னடி, குளுருதா? உள்ள வா, நம்ம ஆளு ஒருத்தரு பேசுறாரு."

"எனக்கு விருப்பம் இல்லன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. பேராசிரியை என்னோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். மெரூன் ஸ்வெட்டரின் கைகளை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள்.

"நம்ம கை ஓங்கியிருந்துச்சுடி. அந்தம்மா நம்ம ஊருன்னே நின்னாங்க. வேற எப்பிடி அத எறக்குறது?"

"எதுக்கு எறக்கணும்? ஏலக்கூடத்துல நின்னு வாக்குக் கொடுத்தவ நீ."

"கொடுத்தேன். அப்ப நெசமாத்தான் கொடுத்தேன்." தண்ணீரைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். "அந்தம்மா வந்த அன்னைக்கு நீயும் நானும் என்ன பண்ணோம்? நீ எலை போட்ட. நான் அவங்க பேசுறத மொழிபெயர்த்தேன், தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுத்தேன். நம்ம ஆராய்ச்சியப் பத்தி அவங்க ஒரு கேள்வி கேக்கல. மாநாடு நம்ம ஊர்ல நடந்தா இதுதான்டி. வந்தவங்க எல்லாம் ஆய்வாளரு, நாம பந்தி பரிமாறுறவங்க. இங்கன்னா நானும் கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு அவங்களோட சமமா உக்காரலாம். ஒரு தடவையாச்சும் அப்பிடி உக்காரணும்னு இருந்துச்சு."

அது பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஒனக்கு வியன்னாதான் வேணும்னா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? விட்டுக் கொடுத்திருப்பேன்."

"தெரியும். கேட்டா ஒடனே விட்டுக் கொடுத்திருப்ப" என்றாள். குரல் முதல் தடவையாகக் கடினமானது. "அதுக்கப்புறம் எல்லாம் நீ விட்டுக் கொடுத்ததா ஆயிரும். காலேஜ்லயும் ஒம் பேரு, கட்டுமாவடியிலயும் ஒம் பேரு. அவங்க நம்புறது ஒன்னத்தான். நான் வாக்குக் கொடுத்தப்பகூட அந்த அண்ணன் திரும்பி ஒன்னையத்தான கேட்டாரு, நெசமான்னு."

அதை அவள் இத்தனை நாள் உள்ளே வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. எனக்கு அது நினைவில்கூட நிற்காத ஒரு கேள்வி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, எதிர் மேசையில் உட்கார்ந்து, ஒரே கட்டுரையில் பெயர் போட்டு, அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

"அன்னைக்கு அழுதியே, அது?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து அரங்கைப் பார்த்து நடந்தாள்.

மீதி நாட்களும் ஒரே அறையில்தான் இருந்தோம். குளியலறைக்கு யார் முதலில் போவது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்கு மேல் பேச்சில்லை. கட்டுரையை அவள் வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். கேள்வி நேரத்தில் கடலடி பற்றிக் கேட்டபோது மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் எழுந்து பதில் சொன்னேன். கைதட்டினார்கள்.

திருச்சியில் இறங்கியதும் என் கணவர் காரோடு நின்றிருந்தார். இருவர் பெட்டிகளையும் அவரே ஏற்றினார். வழியெல்லாம் அவள் அவரிடம் டிராமைப் பற்றியும் அரண்மனைகளைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் முன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவளை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான், "ரெண்டு பேருக்கும் என்ன?" என்று அவர் கேட்டார். சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. கட்டுமாவடியில் நிச்சயமாகச் சொல்லவில்லை. தங்களைப் பற்றி என்ன பேசப்பட்டது என்று தெரிந்து அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமைகளில் தனியாகப் போய் வந்தேன்.

அடுத்த மாநாட்டுக்கு ஊர் பார்க்கும் காலம் வந்தது. ஒருநாள் அவள் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசையருகே வந்து உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவ நம்ம ஊரச் சொல்லப்போறேன். குழுவுல பேசிட்டேன், எல்லாரும் சரின்னுட்டாங்க. ஊர்க்காரங்க சம்மதிச்சதா மட்டும் சொல்லணும். இந்தத் தடவ நானே கட்டுமாவடிக்கு வாரேன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அது என்று நினைத்தேன். கோபம் ஆறவில்லை. ஆனாலும் ஊருக்கு நல்லதை எதற்குத் தடுப்பது என்று கூடப் போனேன்.

தலைவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். அவள் பேசுவதை முழுக்கக் கேட்டார். படகு, விருந்தினர், உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் என்று அதே பேச்சு. முடிந்ததும் அவர் அவளைப் பார்த்தே, மரியாதையாகச் சொன்னார்.

"வேணாங்க மேடம். நீங்க படிக்க வாங்க, பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க, எப்ப வேணும்னாலும் படகு தாரோம். மாநாடெல்லாம் வேணாம். ஒரு தடவ ஊரையே தயார் பண்ணிட்டுக் காத்துக் கெடந்தோம். பொம்பளைங்க இன்னமும் அதப் பேசுறாங்க. மறுபடி அவங்ககிட்ட போய் என்னால கேக்க முடியாது."

"இந்தத் தடவ கண்டிப்பா வரும்ண்ணே" என்றாள் அவள்.

"வரட்டுங்க. வேற எங்கயாச்சும் வரட்டும்."

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான். அறந்தாங்கி பஸ் நிலையத்தை விட்டுக் கிளம்பியதும் அவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேல்ல?"

"இல்ல. நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாமயா அந்த அண்ணன் எங்கிட்ட அப்பிடிப் பேசுனாரு? அண்ணேன்னு கூப்புடுறேன், மேடம்னு சொல்றாரு."

"அவரு ஒன்ன எப்பவும் மேடம்னுதான் சொல்லுவாரு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம்கூட இல்லை, முடிவு இருந்தது. தன்னை ஒருத்தி ஏமாற்றுகிறாள் என்று தெரிந்தவளின் முகம். வியன்னாவில் அந்தப் பெஞ்சில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"நீ இப்பிடிப் பண்ணுவன்னு நெனைக்கல" என்றாள்.

மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் போய்விட்டது.

அந்த மாநாடு கோபன்ஹேகனுக்குப் போனது. அதுவும் தலைநகரம்தான், ஆனால் கடல் உண்டு. அவள் மட்டும் போய் வந்தாள். அடுத்த பருவம் தொடங்கியபோது ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மேசையோடு அங்கே மாறிவிட்டாள். அலுவலக உதவியாளர்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசற்படியில் இடித்தது. நான் எழுந்து ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தேன். அவள் மறுபக்கம் பிடித்திருந்தாள். கட்டுமாவடியில் நான் வாய் திறக்கவில்லை என்பதை அவள் இன்றுவரை நம்பவில்லை.